உங்கள் மாவட்டக் குழந்தைகளைப் பற்றிய அந்தத் தாளைப் படிப்பது எப்படி?

வணக்கம். முதலில் தேசிய குடும்ப நல ஆய்விலிருந்து இரண்டு வரிகளைப் பார்த்துவிடுவோம்.

[திரையில்: மேல் வரியில் 19.7, அம்புக்குறி, 14.6. கீழ் வரியில் 50.7, அம்புக்குறி, 57.4.]

மேல் வரி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. 2015-16இல் 19.7, அடுத்த சுற்றான 2019-21இல் 14.6. கீழ் வரி ரத்தசோகை உள்ள குழந்தைகளின் சதவீதம். அதே கணக்கெடுப்பு, அதே இரண்டு சுற்றுகள். ஒன்று இறங்கியிருக்கிறது, இன்னொன்று ஏறியிருக்கிறது.

நீங்கள் ஒரு மாவட்ட ஆட்சியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாராட்டு விழா நடத்துவீர்களா, அவசரக் கூட்டம் போடுவீர்களா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்தாக வேண்டும்.

[திரையில்: ஒரு மாவட்டத் தகவல் தாளின் முதல் பக்கம்.]

இது தேசிய குடும்ப நல ஆய்வின் மாவட்டத் தகவல் தாள். மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தும் ஆய்வு. முதல் சுற்று 1992-93இல் நடந்தது. ஆனால் நீண்ட காலம் இதில் மாநில எண்கள் மட்டும்தான் இருந்தன. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித் தாள் என்பது 2015-16இல் நடந்த நான்காவது சுற்றிலிருந்துதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு தாளில் நூறுக்கும் மேற்பட்ட வரிகள். அதில் குழந்தைகளுக்கான சில வரிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தாளைத் திறந்ததும் ஒரு சின்னச் சிக்கல் வரும். நீங்கள் கள்ளக்குறிச்சிக்காரராக இருந்தால் உங்கள் மாவட்டத்துக்குத் தாளே கிடைக்காது. தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறைக்கும் இதே கதைதான். 2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்று 2017 மார்ச் மாத எல்லைகளை வைத்து நடத்தப்பட்டது. அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. ஆகவே கள்ளக்குறிச்சி விழுப்புரத்தின் தாளுக்குள் இருக்கிறது, தென்காசி திருநெல்வேலிக்குள். கல்வராயன் மலைக் குழந்தையும் மரக்காணம் கடற்கரைக் குழந்தையும் ஒரே சராசரிக்குள் வந்துவிடுகிறார்கள். அந்தச் சராசரியை வைத்து மலைக்கோ கடற்கரைக்கோ திட்டம் போட முடியுமா என்றால், என் பதில் முடியாது என்பதுதான்.

சரி, வரிகளுக்கு வருவோம்.

[திரையில்: மூன்று குழந்தைகளின் கோட்டுப்படம். பக்கத்தில் எடைப் பொறி, உயரப் பலகை.]

மூன்று அளவுகள் அடுத்தடுத்து இருக்கும். வயதுக்கேற்ற உயரம் இல்லாதது, உயரத்துக்கேற்ற எடை இல்லாதது, வயதுக்கேற்ற எடை இல்லாதது. மூன்றையும் ஒன்றாகப் போட்டு ஊட்டச்சத்துக் குறைபாடு என்று செய்தி போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

உயரம் குறைவு என்றால் நெடுநாள் கதை. தாய் கருவுற்ற நாளிலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது முடியும் வரைதான் அது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. தாயின் உடல்நிலை, பிறப்பு எடை, ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கும் இணை உணவு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வருவது. உயரத்துக்கேற்ற எடை குறைவு என்றால் அண்மைக் கதை. போன மாதம் காய்ச்சல், வீட்டில் வேலையில்லாத காலம், சாப்பாடு குறைந்தது, இப்படி. ஒரு மாவட்டத்தில் முதல் எண் அதிகமாக இருந்தால் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கவனிக்க வேண்டும். இரண்டாவது எண் அதிகமாக இருந்தால் மெலிந்த குழந்தைகளை இப்போதே தேடிப் பிடிக்க வேண்டும். அது உயிருக்கே ஆபத்தான நிலை. மூன்றாவது எண் இரண்டும் கலந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் உயரக் குறைவு 27.1இலிருந்து 25 சதவீதத்துக்கு வந்தது. மெலிவு 5 புள்ளி குறைந்த அதே காலத்தில் இது இரண்டே புள்ளிதான். நான்கில் ஒரு குழந்தை இன்னும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

"நம்ம ஊர்ப் பிள்ளைகள் இயல்பாகவே கொஞ்சம் குட்டை, வெள்ளைக்காரன் அளவுகோலை இங்கே வைக்கலாமா?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல் ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து செய்தது. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, அவற்றோடு இந்தியாவும். டெல்லியில் நன்றாக வளரும் சூழலில் இருந்த குழந்தைகள் அதில் இருக்கிறார்கள். முதல் ஐந்து வருடங்களில், வசதி ஒரே மாதிரி இருந்தால் வளர்ச்சியும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதே அதில் தெரியவந்தது.

அப்புறம் ரத்தசோகை. இந்த வரியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆய்வில் விரல் நுனியிலோ குதிகாலிலோ ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கையடக்கக் கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் வரும் அளவும் இதுவும் ஒத்துப்போவதில்லை என்று ஊட்டச்சத்து ஆய்வாளர்களிடையே பெரிய வாதமே நடந்தது. அடுத்த சுற்றிலிருந்து இந்தப் பரிசோதனையையே நீக்கிவிட்டார்கள். கூடவே அளவுகோலும் மாறியிருக்கிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்றிருந்ததை உலக சுகாதார நிறுவனம் 2024இல் 10.5 ஆக்கியது.

அப்படியென்றால் 57.4 பொய்யா? பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கருவி சரியில்லை என்பதை வைத்துப் பாதிக் குழந்தைகளின் ரத்தசோகையை மறந்துவிட முடியாது. ஆனால் ஏழு புள்ளி ஏறிவிட்டது என்பதை மட்டும் வைத்து ஒரு திட்டம் தோற்றுவிட்டது என்று தீர்ப்பு எழுதவும் முடியாது. ஆட்சியரின் அவசரக் கூட்டம் நடக்கட்டும். அதில் முதல் வேலை, அங்கன்வாடிகளில் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து உண்மையில் எத்தனை குழந்தைகளுக்குப் போகிறது என்று பார்ப்பதாக இருக்கட்டும்.

[திரையில்: கொதிக்கும் சோற்றுப் பானை.]

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கணக்கெடுப்பும் அப்படித்தான். பானை வெந்ததா என்று ஒரு சோறு சொல்லிவிடும். எந்தப் பருக்கை வேகவில்லை என்று அது சொல்லாது.

ஐந்தாவது சுற்றில் தமிழ்நாடு முழுக்க 27,929 வீடுகள். 32ஆல் வகுத்தால் மாவட்டத்துக்குச் சராசரியாக 870 வீடு. அதில் எத்தனை வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும்? ஒரு மாவட்டத்தில் 200 குழந்தைகளை அளந்தார்கள், 25 சதவீதம் உயரம் குறைவு என்று வந்தது என வைத்துக்கொள்வோம். உண்மை எண் 19இலிருந்து 31 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். தெருத் தெருவாக, கொத்துக் கொத்தாகத்தான் வீடுகளை எடுக்கிறார்கள் என்பதால் இந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் விரியும். ஆகவே பக்கத்து மாவட்டத்தில் 23, நம் மாவட்டத்தில் 25 என்று பத்திரிகையில் தரவரிசை போட்டால் அதை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள்.

[திரையில்: தாளில் ஓர் எண் அடைப்புக்குறிக்குள், இன்னொரு கட்டத்தில் நட்சத்திரக்குறி மட்டும்.]

தாளே இதை மறைக்கவில்லை. எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது 25 முதல் 49 பேரை மட்டும் வைத்து வந்தது. நட்சத்திரம் மட்டும் இருந்தால் 25 பேர்கூடக் கிடைக்கவில்லை, அதனால் எண்ணைப் போடவில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் என்ற வரியில் இதை அதிகம் பார்க்கலாம், ஏனென்றால் ஒரு மாவட்ட மாதிரியில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். தமிழ்நாட்டில் ஆய்வு பாதியில் நின்று தொடர்ந்ததும் நினைவிருக்க வேண்டும். 2020 ஜனவரியில் தொடங்கி, ஊரடங்கால் மார்ச்சில் நின்று, மறுபடி டிசம்பரில் ஆரம்பித்து 2021 மார்ச்சில்தான் முடிந்தது. ஊரடங்குக்கு முன் அளந்த குழந்தையும் பின் அளந்த குழந்தையும் ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

இவ்வளவு ஓட்டை என்றால் இந்தத் தாளால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் இருக்கிறது, அதற்கு ஒரு பழைய சாட்சியே நம்மிடம் உண்டு.

[திரையில்: 1973. பழைய தமிழ்நாடு வரைபடம்.]

1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு என்று ஒன்று நடந்தது. அமெரிக்க உதவி நிறுவனத்தின் பணத்தில், சிட்னி கேன்டர் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் செய்தது. அறிக்கை 1973இல் வந்தது. அப்போதே பள்ளி மதிய உணவும் வேறு பல உணவுத் திட்டங்களும் இங்கே இருந்தன. ஆனால் ஆய்வு காட்டியது வேறு. மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் மூன்று வயதுக்குட்பட்டவர்கள், உணவு போய்ச் சேர்ந்ததோ அவர்களைவிடப் பெரியவர்களுக்கு. நடந்து வந்து தட்டு நீட்டக்கூடிய குழந்தைக்குச் சோறு கிடைத்தது, இடுப்பில் இருக்கும் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. கொடுத்த உணவும் பல நேரம் வீட்டில் சாப்பிட வேண்டியதற்குப் பதிலாகப் போனது, கூடுதலாக அல்ல.

இதை வைத்துத்தான் 1980இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது, உலக வங்கிக் கடனோடு. எங்கே தொடங்குவது என்பதையும் கணக்கெடுப்புதான் சொன்னது. கலோரி மிகக் குறைவாக உண்ணும் மாவட்டங்களாகப் பார்த்து ஆறு எடுத்தார்கள்: மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை, செங்கல்பட்டு, வட ஆற்காடு. ஆனால் அதற்குள் இருந்த கிராமங்களில் யாருக்குக் கொடுப்பது என்பதை மாவட்ட எண்ணிடம் கேட்கவில்லை. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளையும் மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்றுபோன குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். தாய்க்குக் குழந்தையின் வளர்ச்சி அட்டையைக் காட்டிப் பேசுவது வேலையின் பெரிய பகுதி. திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்தது என்று மதிப்பீடுகள் சொல்லின.

அதே நேரத்தில், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. இரண்டு வயதிலிருந்து எல்லோருக்கும் சாப்பாடு. இரண்டும் வேறு வேறு நோக்கம். சத்துணவு பசியைப் போக்கியது, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. மற்றது பேச முடியாத வயதில் இளைத்துப்போகும் குழந்தையைத் தேடியது. அரசியலில் எது பெயர் வாங்கியது என்று உங்களுக்கே தெரியும். தேடிக் கண்டுபிடிக்கும் திட்டங்களுக்கு விழா எடுப்பது கஷ்டம்.

இப்போதும் அதே இரட்டை வண்டிதான் ஓடுகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளில் ஆரம்பித்து, அடுத்த ஆகஸ்டில் 31,008 அரசுப் பள்ளிகளுக்குப் போனது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை. நல்ல திட்டம், நான் அதற்குக் கட்சி. ஆனால் நாம் மேலே பார்த்த உயரக் குறைவு என்ற வரி இதனால் நகராது. அந்த வரியில் இருப்பவர்கள் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள், இந்த உப்புமா போவது ஐந்தைத் தாண்டியவர்களுக்கு. அந்த வரிக்கு நேரான திட்டம், அதே 2022இல் மே 21 அன்று ஊட்டியில் தொடங்கிய ஊட்டச்சத்தை உறுதி செய் திட்டம். அங்கன்வாடி மூலம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை எல்லாம் எடை, உயரம் பார்த்து, மோசமான நிலையில் இருப்பவர்களைப் பிரித்து, மருத்துவரிடம் காட்டி, சிறப்பு உணவு கொடுப்பது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். 1980இன் எடைத் தராசு மறுபடி வந்திருக்கிறது.

[திரையில்: அங்கன்வாடி மையம். சுவரில் வளர்ச்சி வரைபடம்.]

ஆக, மாவட்டத் தாள் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று சொல்லும். பதில் உங்கள் ஊர் அங்கன்வாடியின் பதிவேட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். இந்தப் பதிவேட்டிலும் பிரச்சினை உண்டு. மையத்தில் பெயர் பதியாத குழந்தை அதில் வராது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து நீளம் பார்க்க வேண்டும். அழுது உதறும் பிள்ளையை ஒரே ஆள் அளந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தவறிவிடும், அது போதும் ஒரு குழந்தை கணக்கிலிருந்து விழ. அத்தோடு, எண் மோசமாக வந்தால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்பார்கள் என்றால் எண் தானாகவே நன்றாக வர ஆரம்பித்துவிடும். விருதுநகரும் ராமநாதபுரமும் 2018இலிருந்து மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் மாதாந்திரத் தரவரிசைக்கு உட்பட்டவை. அந்த மாதிரி இடங்களில் அங்கன்வாடி எண்ணையும் வெளியாள் எடுத்த ஆய்வு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம். பதிவேட்டில் 5 சதவீதம், ஆய்வில் 25 என்று இருந்தால், யாரையும் திட்டுவதற்கு முன் உயரப் பலகையைப் பாருங்கள்.

கிராம சபைக்குப் போகும்போது கேட்கக் கூடியவை இவை. நம் ஊரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், போன மாதம் அளந்தது எத்தனை பேரை? கடுமையான குறைபாடு என்று பிரித்தவர்களில் எத்தனை பேர் மருத்துவரைப் பார்த்தார்கள்? படுக்கவைத்து அளக்கும் பலகை மையத்தில் இருக்கிறதா? குழந்தையின் பெயரைச் சபையில் சொல்லச் சொல்லாதீர்கள், எண்ணிக்கை போதும். வேலைக்குப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகள், செங்கல் சூளையில் தங்கியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் பதிவேட்டில் இருக்கிறார்களா என்பதை மட்டும் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கணக்கு உதைக்கும்.

புதுச் சுற்றின் தாள் கையில் கிடைத்தால், பழைய எண்ணைக் கழித்துப் பார்ப்பதற்கு முன் மாவட்ட எல்லை அதேதானா, எந்த மாதங்களில் அளந்தார்கள், அடைப்புக்குறி இருக்கிறதா என்ற மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். உங்கள் மாவட்டத் தாளில் புரியாத வரி இருந்தால் அந்த வரியின் பெயரைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் எடுத்துக்கொள்கிறேன்.