‘எனக்கு டிமென்ஷியா’ என்று யார் சொல்வது?

[திரையில்: வெள்ளைத் தாள், ஒரு பென்சில்]

வணக்கம். மூன்று சொற்கள் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செர்ரிப் பூ, பூனை, ரயில். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன்.

சரி, இப்போது 100லிருந்து 7ஐக் கழியுங்கள். வந்த விடையிலிருந்து இன்னொரு 7ஐக் கழியுங்கள்.

ஜப்பானில் மறதி அதிகமாகிறது என்று மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்பார்கள். இதை உருவாக்கியவர் கசுவோ ஹசெகாவா என்ற மனநல மருத்துவர். 1974ல் வெளியிட்டார், 1991ல் திருத்தியமைத்தார்கள். மொத்தம் 30 மதிப்பெண். 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் டிமென்ஷியாவாக இருக்குமோ என்று மேற்கொண்டு பார்ப்பார்கள். வாழ்நாளில் பாதிக்கு மேல் இந்த நோயோடு மல்லுக்கட்டிய ஹசெகாவா, 2017ல், 88 வயதில், ஊரறியச் சொன்னார்: எனக்கும் டிமென்ஷியா வந்திருக்கிறது.

இந்த வீடியோ அவரைப் போல வாய் திறந்து சொன்னவர்களைப் பற்றியது.

[திரையில்: மூளையின் படம்]

டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. நினைவு, மொழி, முடிவெடுக்கும் திறன், பழக்கவழக்கம் ஆகியவை அன்றாட வாழ்க்கையையே குலைக்கும் அளவுக்குச் சரிந்துபோகும் நிலை அது. காரணங்கள் பல. அதில் பெரும்பங்கு அல்சைமர் நோய்க்கு, 60 முதல் 70 சதவீதம் வரை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ல் 5 கோடியே 70 லட்சம் பேர் இந்த நிலையில் இருந்தார்கள். இத்தனை பேர் இருந்தும், ‘எனக்கு’ என்று சொன்ன குரல்கள் ரொம்ப காலம் கேட்கவே இல்லை.

கேட்காததால் என்ன ஆயிற்று? ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவர்த்தைப் பாருங்கள். 1970களில் வசனம் அவருக்கு மனதில் நிற்கவில்லை. பொது இடங்களில் தடுமாறினார், கோபப்பட்டார். குடித்திருக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. அல்சைமர் என்று தெரியவந்தது 1980 வாக்கில்தான். நோய்க்குப் பெயர் இல்லாதபோது பழி வந்து ஒட்டிக்கொள்கிறது. 1987ல், 68 வயதில் அவர் இறந்தார். அதற்குள் அவருடைய மகள் தன் அம்மாவுக்காக வெளியே வந்து பேசவும் நிதி திரட்டவும் தொடங்கியிருந்தார்.

அப்புறம் 1994, நவம்பர் 5. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ரொனால்ட் ரேகன் மக்களுக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார். தனக்கு அல்சைமர் என்று சொன்னார். இதைத் தாங்க வேண்டிய மனைவி நான்சியை நினைத்து வருந்தினார். வாழ்க்கையின் அந்திப்பொழுதை நோக்கிப் பயணம் தொடங்குவதாக எழுதினார். அடித்தல் திருத்தலோடு கூடிய அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் ஒன்று புரியும். பேனாவைப் பிடித்து, தானே யோசித்து, தானே எழுத முடிகிற நேரத்தில் அவர் எழுதிவிட்டார். அந்த நேரம் எல்லோருக்கும் உண்டு. யாருக்கும் அது நீண்ட நேரம் இல்லை.

இந்த வீடியோ எடுக்க நினைத்ததற்குக் காரணமே இதுதான். யார் சொன்னார்கள், நோயாளியா, வீட்டாரா? அந்த வித்தியாசம் சின்னதில்லை.

[திரையில்: விசைப்பலகை, அதன் மேல் தயங்கி நிற்கும் விரல்கள்]

டெர்ரி பிராட்செட், இங்கிலாந்தின் புகழ்பெற்ற எழுத்தாளர். 2007 டிசம்பரில், 59 வயதில், தானே அறிவித்தார். அவருக்கு வந்தது அல்சைமரின் அரிதான ஒரு வடிவம். அது மூளையின் பின்பகுதியைத் தாக்குகிறது. பார்ப்பதைப் புரிந்துகொள்ளும் வேலை அங்கேதான் நடக்கிறது. கண்ணில் கோளாறு இருக்காது, ஆனால் எதிரே கிடக்கும் பொருள் ‘தெரியாது’. பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. அதனால், பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்பார்கள். ஆனால் விசைப்பலகையில் எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்பது விரல்களுக்குப் பிடிபடாமல் போனது. அதற்குப் பிறகு வாயால் சொல்லிச் சொல்லியே நாவல்களை முடித்தார். ஆராய்ச்சிக்குப் பெரும் தொகை கொடுத்தார், தொலைக்காட்சி ஆவணப்படத்தில் தன் தடுமாற்றங்களைக் கேமராவுக்கு முன்னால் காட்டினார். டிமென்ஷியா என்றாலே மறதி என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய பாடம்.

இன்னொருவர் ஸ்டீவ் தாம்சன், இங்கிலாந்து ரக்பி வீரர். 2003, சிட்னி. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம். எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிய வேண்டியவர் தாம்சன். நீளமாக, குறி தப்பாமல் எறிந்தார். அங்கிருந்து பந்து கைமாறிக் கைமாறிப் போய், உதைபட்டு, கோல் கம்பங்களுக்கு நடுவே பறந்தது. 20–17, இங்கிலாந்து வென்றது.

அவருக்கு அந்த ஆட்டத்தில் ஒன்றுகூட நினைவில்லை. பதிவைப் போட்டுப் பார்த்தாலும், தான் அங்கே இருந்ததாகவே தோன்றவில்லை என்கிறார். 42 வயதில் டிமென்ஷியா என்று கண்டறிந்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப விழுந்த அடிகளே காரணம் என்று 2020 டிசம்பரில் வெளிப்படையாகச் சொல்லி, சட்ட நடவடிக்கையிலும் இறங்கினார். அவர் அன்று பேசியிருக்காவிட்டால் விளையாட்டில் தலையில் படும் அடி பற்றிய பேச்சு இவ்வளவு சூடு பிடித்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சரி, அந்த மூன்று சொற்கள் என்ன? யோசியுங்கள்.

வரவில்லையா? ஒன்று செடியில் இருப்பது, ஒன்று விலங்கு, ஒன்று வண்டி. ஹசெகாவாவின் சோதனையிலும் இதே குறிப்புகளைத் தருவார்கள், மதிப்பெண்ணை மட்டும் குறைத்துக்கொள்வார்கள். இப்போது சட்டென்று வந்துவிட்டது என்றால், சொல் உள்ளே பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் தாமதம். இது பெரும்பாலும் எல்லோருக்கும் வரும் சாதாரண மறதிதான். அல்சைமரில் ஆரம்பத்திலேயே அடிபடுவது ஹிப்போகேம்பஸ், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி. சொல் பதியவே இல்லை என்றால் குறிப்பு கொடுத்துப் பயனில்லை. வீட்டில் ஒருவர் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டால், அது பிடிவாதம் அல்ல. நீங்கள் சொன்ன பதில் அவருக்குள் பதியவில்லை, அவ்வளவுதான்.

கை பழகிய வேலை மூளையில் வேறு இடத்தில் பதிந்திருக்கிறது. அதனால்தான் பாடகர் கிளென் கேம்ப்பெல் 2011ல் அல்சைமரை அறிவித்துவிட்டு, 151 கச்சேரிகள் கொண்ட விடைபெறும் பயணம் போக முடிந்தது. பாடல் வரிகள் எதிரே திரையில் ஓடின, இசைக் குழுவில் பிள்ளைகளே நின்றார்கள். கிட்டாரில் விரல்கள் தாமாக ஓடின.

அதே 2011ல் அமெரிக்கப் பல்கலைக்கழக அணி ஒன்றின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பேட் சம்மிட், 59 வயதில், தன் நோயைச் சொல்லிவிட்டு இன்னொரு முழுப் பருவம் அணியை நடத்தினார். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பல்கலைக்கழகம் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் பெயர் தெரியாத ஒரு கணக்கரோ ஓட்டுநரோ இப்படிச் சொன்னால் வேலை மிஞ்சுமா? பிரபலங்களின் துணிச்சலைப் பாராட்டும்போது அவர்களுக்குப் பின்னால் இருக்கும் பணத்தையும் ஆட்களையும் மறந்துவிடக் கூடாது. வெளியே சொல்லாதவரைக் கோழை என்று நினைக்கவும் கூடாது.

வீட்டார் பேச வேண்டி வருவதும் உண்டு. பாடகர் டோனி பென்னட்டுக்கு 2016ல் நோய் தெரிந்தது. 2021ல் குடும்பம்தான் வெளியே சொன்னது. ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸ் விஷயத்திலும் அப்படித்தான். 2022ல் பேச்சுத் திறன் பாதிப்பு என்றார்கள், 2023 பிப்ரவரியில் அது மூளையின் முன்புற, பக்கவாட்டுப் பகுதிகளைத் தாக்கும் டிமென்ஷியா என்று தெளிவாயிற்று. இந்த வகையில் சிலருக்கு முதலில் மொழியே போகிறது, பலருக்குத் தனக்கு நோய் என்கிற உணர்வும் போகிறது. அவர் சார்பில் யாராவது பேசத்தானே வேண்டும்? அதில் தவறில்லை. ஆனாலும், இன்னும் பேச முடிகிற ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே அவரைப் பற்றி மருத்துவரிடம் அடுத்தவர் பேசுவது வேறு. அது நடந்துகொண்டே இருக்கிறது.

[திரையில்: மூடிய கதவு, பூட்டு]

ஹசெகாவாவுக்கே திரும்புவோம். ஜப்பானில் முன்பு இந்த நோய்க்கு இருந்த பெயர் ‘மந்த புத்தி’ என்று இழித்துப் பேசுவது போன்றது. 2004ல் அரசு அதை மாற்றியது. மாற்றிய குழுவில் அவரும் இருந்தார். ‘புத்தி பேதலித்துவிட்டது’, ‘குழந்தை மாதிரி ஆகிவிட்டார்’ என்று நம் வாயில் சாதாரணமாக வருகிற பேச்சையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

தனக்கு வந்தபிறகுதான் அவருக்கு உள்ளேயிருந்து தெரிந்தது. கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்புவார். பூட்டினோமா? திரும்பி வந்து பார்ப்பார். பூட்டித்தான் இருக்கும். மறுபடி கிளம்பினால் மறுபடி அதே சந்தேகம். நிச்சயம் என்கிற உணர்வே கரைந்துபோகிறது என்று விவரித்தார். காலையில் தெளிவாக இருக்கும், சாயங்காலம் ஆக ஆகக் குழம்பும், தூங்கி எழுந்தால் மறுபடி தெளியும் என்றார். நாம் பேசும்போது அவசரப்படாமல் பதிலுக்குக் காத்திருக்கச் சொன்னார்.

பகல்நேரப் பராமரிப்பு மையங்களுக்கு அனுப்புங்கள், குடும்பத்துக்கும் ஓய்வு கிடைக்கும் என்று மருத்துவராக இருந்த காலத்தில் எடுத்துச் சொன்னவர் அவர். 2020ல் ஒளிபரப்பான ஆவணப்படத்தில் அவரே அப்படி ஒரு மையத்துக்குப் போகிறார். சுற்றிலும் ஆட்கள், விளையாட்டு, கைதட்டல். அங்கே போனாலும் தான் தனியாகத்தான் இருப்பதாகச் சொன்னார். வீட்டுக்குப் போக விரும்பினார்.