கையொப்பம் வாங்காத உழைப்பு: கடற்படையில் இரண்டாவது தகுதி பெற்ற கதை

வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குள் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கார் ஷெட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் தெரிகிற சிவப்புப் பெட்டி என்னுடைய கருவிப் பெட்டி. அதைப் பற்றியும் பேசுவேன்.

சென்ற வாரம் ஓர் அம்மா எழுதியிருந்தார். அவருடைய மகன் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. சேர்ந்தது ஒரு வேலைக்கு. செய்வது அதோடு இன்னும் இரண்டு வேலை. இதெல்லாம் எங்காவது கணக்கில் ஏறுமா, இல்லை வெறும் உழைப்பாகவே போய்விடுமா என்று கேட்டிருக்கிறார். அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கணக்கில் ஏறாமல் போன உழைப்பை நான் பார்த்திருக்கிறேன். அது என்னுடைய உழைப்பு.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். கடற்படையில் நீங்கள் சேரும் வேலைக்கு ரேட்டிங் என்று பெயர். நான் ஏ.எம்., அதாவது விமானத்தின் உடற்கட்டு, ஹைட்ராலிக் குழாய்கள், சக்கரம், பிரேக் இவற்றைப் பார்க்கும் மெக்கானிக். இல்லினாய் மாநிலம் கிரேட் லேக்ஸில் ஆரம்பப் பயிற்சி, புளோரிடாவின் பென்சகோலாவில் தொழிற்பயிற்சி, அதன்பிறகு வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் எம்.எச்.-60எஸ் ஹெலிகாப்டர்கள் இருக்கும் ஒரு ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு. ரேட்டிங்குக்கு மேல் ஒருவருக்கு இருக்கும் தனித்திறமையைக் குறிக்க நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. அதை என்.இ.சி. என்பார்கள். சில என்.இ.சி.க்களுக்குப் பள்ளிக்குப் போய்ப் படித்தே ஆக வேண்டும். வேறு சிலவற்றை வேலை செய்தபடியே கற்று, மேலதிகாரியின் பரிந்துரையோடு பெறலாம். எது எந்த வகை என்பது கடற்படையின் குறியீட்டுக் கையேட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை எனக்கு யாரும் காட்டவில்லை, நானும் தேடவில்லை.

ஸ்குவாட்ரனில் சேர்ந்த நான்காம் மாதம் என்னைப் பிளேன் கேப்டன் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பெயரைப் பார்த்து விமானியோ என்று நினைக்க வேண்டாம். என் அம்மா அப்படித்தான் நினைத்து உறவினர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பிளேன் கேப்டன் என்பவர் விமானம் புறப்படும் முன் அதை முழுவதும் சுற்றிப் பார்த்து, எரிபொருளையும் எண்ணெயையும் சோதித்து, கட்டியிருக்கும் சங்கிலிகளை அவிழ்த்து, விமானிக்குக் கைச்சைகை காட்டி அனுப்புகிறவர். கப்பலின் மேல்தளத்தில் பழுப்பு நிறச் சட்டை போட்டிருப்பவர்கள் இவர்கள்தான். எரிபொருள்காரர்களுக்கு ஊதா, ஆயுதம் ஏற்றுபவர்களுக்குச் சிவப்பு, பராமரிப்புக்காரர்களுக்குப் பச்சை. நான் அதுவரை பச்சை.

இதற்கு வகுப்பறை கிடையாது. கையில் ஒரு தகுதிப் புத்தகம் கொடுப்பார்கள். பி.கியூ.எஸ். என்று பெயர். 100 என்று தொடங்கும் பகுதியில் அடிப்படை அறிவு, 200-ல் இயந்திர அமைப்புகள், 300-ல் நீங்கள் நின்று செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையொப்பமிட ஓர் இடம். அந்த வேலையில் ஏற்கெனவே தகுதி பெற்ற ஒருவர் உங்களிடம் கேள்வி கேட்டு, அல்லது நீங்கள் செய்வதைக் கண்ணால் பார்த்து, பிறகு கையொப்பமிட வேண்டும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெட்டி ஆபீசர், அதாவது என்னைவிட மேல்நிலையில் இருந்த மூத்த வீரர். லேசில் பேனாவை எடுக்க மாட்டார். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

கப்பலில் இருந்தோம். விடிவதற்கு முன்னால், விமானங்களை நிறுத்தும் ஹேங்கரில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. ஹெலிகாப்டரின் எரிபொருள் தொட்டியின் அடியில் உள்ள வடிகாலிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். கப்பலில் பயன்படுத்துவது ஜே.பி.-5 என்ற எரிபொருள். 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் ஆவி தீப்பிடிக்காது. கடல் நடுவே, இரும்புக் கூட்டுக்குள், நூற்றுக்கணக்கானோர் தூங்கும் இடத்தில் சேமித்து வைப்பதால்தான் இந்தக் கண்டிப்பு. தண்ணீர் எரிபொருளைவிடக் கனமானது, ஆகவே அடியில் தங்கும். குப்பியைச் சுழற்றினால் தூசு நடுவில் வந்து சேரும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அவர் ஒரு குப்பியை நீட்டினார். டார்ச் அடித்துப் பார்த்தேன். பளிங்குபோல இருந்தது. தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் இடையே ஒரு கோடு தெரிய வேண்டுமே, அப்படி எதுவும் இல்லை. சுழற்றினேன், தூசும் இல்லை. "சுத்தமாக இருக்கிறது" என்றேன். "உறுதியாகவா?" என்றார். உறுதியாக என்றேன். "முகர்ந்து பார்" என்றார். முகர்ந்தேன். எந்த வாசனையும் இல்லை. குப்பி முழுக்கத் தண்ணீர். கோடு எங்கிருந்து தெரியும்?

அவர் திட்டவில்லை. என் புத்தகத்தை வாங்கி, அந்த வரியைப் பார்த்து, மூடி, திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கையொப்பம் கிடைக்க இன்னும் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் எடுத்த ஒவ்வொரு மாதிரியையும் முகர்ந்தேன், விரலில் தொட்டேன், நிறத்தைத் தெரிந்த மாதிரியோடு ஒப்பிட்டேன். இன்றும், பயணிகள் விமானங்களில் வேலை செய்யும்போதும், என் கை தானாகக் குப்பியை மூக்கருகே கொண்டுபோகிறது. வேலையிடத்தில் கற்பது என்று நான் சொல்வது இதைத்தான். கண் ஏமாறிய அந்த ஒரு நொடியை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குத் தந்திருக்காது.

புத்தகம் முடிந்ததும் எழுத்துத் தேர்வு, பிறகு வாய்மொழித் தேர்வு. ஒரு மேசை, எதிரே நான்கு பேர், கேள்விக்கு மேல் கேள்வி. தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எந்த நூலில் எங்கே பார்ப்பேன் என்று சொன்னால் மதிப்பார்கள். ஊகித்துப் பதில் சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான். நான் இரண்டாவது முறை தேறினேன். கட்டளை அதிகாரியின் கையொப்பத்தோடு கடிதம் வந்தது, பழுப்புச் சட்டையும் வந்தது.

விமானத்தின் மேல் அதன் பிளேன் கேப்டனின் பெயரை எழுதுவது கடற்படை வழக்கம். நம் வீடுகளில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயர்தான் கடைசிப் பெயர். ஆகவே ஹெலிகாப்டரில் எழுதப்பட்டது என் அப்பாவின் பெயர். வாழ்நாள் முழுவதும் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர் அவர். படத்தை அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள், "எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம்" என்று எழுதினார்.

சரி, அந்தப் பெட்டிக்கு வருகிறேன். இதோ, உள்ளே பாருங்கள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஸ்பஞ்சில் குழி வெட்டியிருக்கிறேன். ஸ்குவாட்ரனில் வேலைக்கு முன்னும் பின்னும் எண்ணுவோம். ஒரு குழி காலியாக இருந்தால், அந்தக் கருவி கிடைக்கும்வரை அந்த விமானம் பறக்காது. இந்தப் பழக்கம் வேரூன்றியவர்களைத்தான் அடுத்த படிக்கு எடுப்பார்கள். அது சி.டி.ஐ., அதாவது சக மெக்கானிக்குகள் செய்த வேலையைச் சரிபார்த்துக் கையொப்பமிடுபவர். தன் வேலையைத் தானே சரிபார்த்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடையாது. அதையும் வேலை செய்தபடியே, தேர்வெழுதி வாங்கினேன்.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். பிளேன் கேப்டன், சி.டி.ஐ. இரண்டும் அந்த ஸ்குவாட்ரனின் கட்டளை அதிகாரி தந்தவை. மாற்றலாகிப் போனால் அங்கே மறுபடி காட்டித் தேற வேண்டும். நிரந்தரப் பதிவில் ஏறி என்னோடு வரக்கூடியது என்.இ.சி. என் ஹெலிகாப்டர் பராமரிப்புக்குரிய குறியீட்டுக்கு வேலையிடப் பயிற்சியும் ஏற்கப்படும் நிலை இருந்தது. நான் தகுதியோடுதான் இருந்தேன். அதைப் பெற நாவ்பெர்ஸ் 1221/6 என்ற ஒரு படிவத்தை நிரப்பி, கட்டளை அதிகாரி வழியாக அனுப்ப வேண்டும். என் மேலாளர் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். நம்பினேன். அந்தப் படிவம் ஒரு மேசையின் இழுப்பறையிலேயே கிடந்தது.

புதிய இடத்தில் என் பதிவைத் திறந்து பார்த்தார்கள். இரண்டரை ஆண்டு ராத்திரி ஷிஃப்டுக்கு ஒரு வரிகூட இல்லை. பயிற்சி முடித்து நேற்று வந்தவளைப்போல என்னை உட்கார வைத்தார்கள். அன்றைக்கு ஓய்வறையில் போய் அழுதேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை, ஆனாலும் பறிகொடுத்ததுபோல இருந்தது.

என்னைக் காப்பாற்றியது அம்மாவின் பழக்கம். ரேஷன் அட்டையிலிருந்து மருந்துச் சீட்டுவரை எல்லாவற்றையும் நகலெடுத்து வைப்பவர் அவர். அவர் நச்சரித்ததால் தகுதிப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்திருந்தேன். புதிய இடத்தின் சீஃப், அதாவது மூத்த மேற்பார்வையாளர், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழைய இடத்துக்குத் தானே போன் செய்து பேசினார். பிறகு எட்டு மாதம் அவர்கள் கண்முன்னே வேலை செய்து காட்டினேன். அதன்பின் படிவம் போனது, குறியீடு வந்தது. கணினியில் அந்த நான்கு எழுத்தைப் பார்த்தபோது பழுப்புச் சட்டை வந்த நாளைவிட மகிழ்ந்தேன்.

மற்றப் படைகளில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தரைப்படையில் வேலைக் குறியீட்டை எம்.ஓ.எஸ். என்பார்கள், இரண்டாவதாக ஒன்றும் வைத்திருக்கலாம். ஆனால் அங்கே பல வேலைகளுக்கு முறையான பள்ளிப் படிப்பு கட்டாயம், ஆகவே முதலில் கையேட்டைப் பாருங்கள். அவர்களுடைய முழுக் குறியீடு ஒன்பது எழுத்துகள் கொண்டது, கடைசி இரண்டும் தெரிந்த மொழியைக் குறிப்பவை. தமிழ் தெரிந்த பிள்ளைகள் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டாம்.

வெளியே வந்த பிறகு இந்தப் பதிவுகள் எவ்வளவு உதவும் என்பதை நான் நேரில் பார்த்தேன். விமான மெக்கானிக் உரிமத்துக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அனுபவத்தைக் கேட்கிறது. உடற்கட்டு அல்லது எஞ்சின், ஒன்றுக்கு மட்டும் என்றால் 18 மாதம், இரண்டுக்கும் சேர்த்து என்றால் 30 மாதம். படையில் செய்த வேலையை ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் வாய்வார்த்தையை அல்ல. எந்த விமானத்தில், எந்த வேலையில், எவ்வளவு காலம் என்பதற்குச் சான்று வேண்டும். ஆய்வாளர் முன்னால் உட்கார்ந்தபோது நான் பேசியது குறைவு, என் கோப்புதான் பேசியது. அதன்பிறகு எழுத்து, வாய்மொழி, செய்முறைத் தேர்வுகள். தேர்வுக் கட்டணத்துக்குக் கடற்படையின் கூல் என்ற திட்டம் உதவும். வேலை செய்த மணிநேரங்களைப் பதிவு செய்துகொண்டே வந்தால் தொழிலாளர் துறையின் சான்றிதழ் தரும் அஸ்மாப் என்ற திட்டமும் உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. பணியில் இருக்கும்போதே சேர்ந்துவிட வேண்டும்.

எழுதியிருந்த அம்மாவுக்கு: தம்பி அடுத்த முறை அழைக்கும்போது கப்பல் எங்கே இருக்கிறது, எப்போது கரைக்கு வரும் என்றெல்லாம் கேட்க வேண்டாம், அவர் சொல்லவும் கூடாது. தகுதிப் புத்தகத்தில் கடைசிக் கையொப்பம் எந்தத் தேதியில் விழுந்தது என்று கேளுங்கள். நகல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். படிவம் போயிருந்தால், போனதைத் தன் கண்ணால் பதிவில் பார்த்தாரா என்று கேளுங்கள். சலித்துக்கொள்வார், பரவாயில்லை, நானும் சலித்துக்கொண்டேன். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள். இன்னும் அனுப்பவில்லை என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவரோடு போனில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை வரிவரியாக நிரப்பித் தருகிறேன்.