நீர்க்கொள்கையும் பேரவையின் கண்காணிப்பும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டில் நீரைப் பற்றிய மேடை என்றால் காவிரியும் முல்லைப் பெரியாறும்தான் முதலில் நினைவுக்கு வரும். அவை நம் உரிமைகள். அவற்றுக்காகச் சட்டமன்றம் கட்சி வேறுபாடின்றிக் குரல் கொடுத்ததும் சரியே. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நம் எல்லைக்குள் இருக்கும் ஏரியையும் ஆற்றையும் நிலத்தடி நீரையும் நிர்வாகம் எப்படிப் பேணுகிறது என்று நம் பேரவை எந்த அளவுக்குக் கேட்டறிகிறது?

கேட்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 17ஆம் பதிவு, நீர் வழங்கல், பாசனம், கால்வாய்கள், வடிகால், கரைகள், நீர்த்தேக்கம் ஆகியவற்றை மாநிலத்தின் பொறுப்பில் வைத்திருக்கிறது. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகள் தொடர்பாக ஒன்றியத்துக்குள்ள அதிகாரம் ஒன்றே அதற்கு வரம்பு. சட்டம் இயற்றுவதும் பணம் ஒதுக்குவதும் நம் பேரவையின் கையில் இருக்கின்றன. சட்டத்துக்கும் பணத்துக்கும் பின்னர் என்ன ஆயிற்று என்று தொடர்ந்து பார்ப்பதில்தான் நாம் தளர்ந்து நிற்கிறோம்.

இதை நான் பொதுப்படச் சொல்லவில்லை. 2003ஆம் ஆண்டு, மாநிலம் முழுவதற்குமான நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டத்தைப் பேரவை நிறைவேற்றியது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு மட்டும் 1987இல் ஒரு சட்டம் இருந்த நிலையில், கோவைக்கும் திண்டுக்கல்லுக்கும் தருமபுரிக்கும் அத்தகைய காப்பு எதுவும் இல்லை என்ற குறையைப் போக்க வந்த சட்டம் அது. அது நடைமுறைக்கு வரும் நாளை அரசு ஓர் அறிவிக்கை மூலம் குறிக்க வேண்டியிருந்தது. அந்த அறிவிக்கை வரவேயில்லை. பத்து ஆண்டுகள் ஏட்டில் மட்டும் இருந்துவிட்டு, 2013இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இதற்கிடையே இரண்டு முறை ஆட்சி மாறியது. ஆகவே இதை ஒரு கட்சியின் குறையாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. மக்களின் பிரதிநிதிகள் கூடி நிறைவேற்றிய ஒரு சட்டம் ஒரு நாள்கூட உயிர்பெறாமல் போனது, அந்த அவையின் மாண்பைத் தொடும் செய்தி என்றே நான் கருதுகிறேன். சட்டம் நீங்கிய பிறகு, 2014ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றுதான் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த வந்தது. அரசாணைக்குப் பேரவையின் ஒப்புதல் தேவையில்லை. அதைத் திருத்தும்போதும் யாரும் அவையில் எழுந்து விளக்கம் அளிக்க வேண்டியதில்லை.

பணத்தின் கதைக்கு வருவோம். ஆண்டுதோறும் நீர்வளத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு பேரவையில் வைக்கப்படுகிறது. துறையின் செலவுக்குப் பேரவையின் ஒப்புதலைக் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வருகிறது. உறுப்பினர்கள் தத்தம் தொகுதிக்குத் தடுப்பணையும் தூர்வாரும் பணியும் கேட்கிறார்கள். கேட்பது அவர்கள் கடமை, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகையால் எத்தனை ஏரிகளின் கொள்ளளவு மீண்டது என்று கேட்க அந்த விவாதத்தில் நேரம் கிடைப்பதில்லை. மேலும், மாநிலத்தின் சுமார் 39,000 ஏரிகளில் 14,000க்கு மேற்பட்டவை நீர்வளத்துறையிடமும், மற்றவற்றில் பெரும்பாலானவை உள்ளாட்சிகளிடமும் இருக்கின்றன. குடிநீருக்குத் தனி வாரியங்கள் உள்ளன. ஒரே நீர் பல மானியக் கோரிக்கைகளில் சிதறிக் கிடக்கிறது.

தணிக்கை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் காலம் தாழ்ந்து வருகிறது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறந்துவிடப்பட்ட முறையைக் கடுமையாகக் குறைகூறிய தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை பேரவையின் முன் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். அரசமைப்புச் சட்டத்தின் 151ஆம் உறுப்பு, அறிக்கையை ஆளுநர் வழியாகப் பேரவையில் வைக்கச் சொல்கிறது. எத்தனை நாளில் என்று சொல்லவில்லை. இரண்டரை ஆண்டுகளில் அடுத்தடுத்த மழைக்காலங்கள் வந்துபோய்விட்டன.

எனவே, நீருக்கென ஒரு நிலைக்குழு, அதாவது நீர் தொடர்பான துறைகளைத் தொடர்ந்து ஆராயும் உறுப்பினர் குழு, நம் பேரவைக்கு வேண்டும் என்பதே என் கோரிக்கை. நாடாளுமன்றம் 1993இலேயே துறைசார் நிலைக்குழுக்களை அமைத்தது. நீர்வளத்துக்கென ஒரு குழு இன்று அங்கே இயங்குகிறது. கேரளச் சட்டமன்றத்தில் 1980 முதல், துறைவாரியாக ஆராயும் பொருட்குழுக்கள் உள்ளன. மானியக் கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு வருமுன் அக்குழுக்களின் பரிசீலனைக்குச் செல்கின்றன. நம் பொதுக் கணக்குக் குழுவும் மதிப்பீட்டுக் குழுவும் அரசு உறுதிமொழிக் குழுவும் தேவையானவைதாம். ஆயினும் எல்லாத் துறைகளையும் சுமக்கும் இக்குழுக்கள், ஓர் ஆற்றுப்படுகையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர முடியாது.

நீரியல் அறிந்தவர்களா நம் உறுப்பினர்கள் என்று சிலர் ஐயுறுகிறார்கள். பொறியாளரைப் போலக் கணக்கிட வேண்டியது உறுப்பினரின் வேலையன்று. பொறியாளரையும் கடைமடை விவசாயியையும் ஒரே மேசையில் சாட்சியாக அமர்த்தி, இருவர் சொல்வதும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்பதே அவர் வேலை. அதற்கு வேண்டிய அறிவு தொகுதி மக்களிடையே நாள்தோறும் இருப்பவருக்கு உண்டு.

அத்தகைய குழு அமைந்தால் அது முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007இல் இயற்றப்பட்ட சட்டத்தை. ஏரிகளை அளந்து எல்லையை வரையறுத்து வெளியிட அச்சட்டம் ஆணையிடுகிறது. எத்தனை ஏரிகள் அளக்கப்பட்டன, எத்தனை ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன, எவை நிலுவையில் உள்ளன, ஏன் என்ற விவரத்தை மாவட்டவாரியாகப் பெற்று, அடுத்த நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடருக்கு முன் அந்தக் குழு பேரவையில் வைக்கட்டும்.