மீன்பிடிக்கத்தான் விலக்கு இருந்ததே? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கொரோனா ஊரடங்கில் கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன் விற்கிற பெண்கள் வட்டிக்கடனில் மாட்டிக்கொண்டதைப் பற்றிப் போன வீடியோவில் பேசினேன் அல்லவா? அதே மாவட்டத்து முட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “2020 ஏப்ரல் 10-லேயே கடல் மீன்பிடிக்கு மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டதே அண்ணே, அப்புறம் எப்படிக் கடன் ஏறியது?” அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

தம்பி சொல்வது சரி. மார்ச் 25-ல் எல்லாம் அடைபட்டது, ஏப்ரலில் கடலுக்குப் போகலாம் என்றார்கள். ஆனால் பிடித்த மீன் தானாகக் காசாகிவிடுமா? வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லிச் சொல்லிக் காது புளித்திருக்கும்: மீனுக்கு விலை கடலில் இல்லை, பஸ்சில் இருக்கிறது.

குளச்சல் கடப்புறத்தில், அதாவது கடற்கரையில், மீன் எடுத்து விற்கிற ஒரு அக்காவைப் பாருங்கள். கையில் முதல் கிடையாது. காலையில் கடனுக்கு மீன் எடுப்பார். சருவத்தில், அதாவது மீன் சுமக்கிற பாத்திரத்தில், ஐஸைப் போட்டு, பஸ் பிடித்துத் தக்கலைக்கோ மார்த்தாண்டத்துக்கோ போவார். சாயங்காலம் கடனை அடைத்துவிட்டு மிச்சத்தில் அரிசி வாங்குவார். பஸ் நின்றதும் அவர் தொழிலும் நின்றது. பைக் வைத்திருந்தவர்கள் சந்து பொந்தெல்லாம் புகுந்து விற்றார்கள், அக்காவின் வாடிக்கையும் அவர்களோடு போனது. ஜூனில் கொஞ்சம் பஸ் ஓடியது, ஜூலையில் மறுபடி நிறுத்தம். மாவட்டத்துக்குள் திரும்ப ஓடியது செப்டம்பர் 1-ல்தான்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அரிசி கார்டுக்கு 1,000 ரூபாய் வந்தது. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 வீதம் மூன்று மாதம் வந்தது. ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சரி, அதுவாவது வங்கிக் கடன். கடப்புறத்தில் வாய்ச்சொல்லில் வாங்கிய கடனுக்கு எந்த ரிசர்வ் வங்கி வரும்? காதில் கழுத்தில் கிடந்தது அடகுக்குப் போனது அங்கேதான்.

என்னைக் கேட்டால், தம்பி கேட்டிருக்க வேண்டியது வேறு: வள்ளத்துக்கு, அதாவது மீன்பிடிப் படகுக்கு, விலக்கு கொடுத்தவர்களுக்கு, மீன் கொண்டுபோகிற பஸ் ஏன் கண்ணில் படவில்லை? 2021 மே 8-ல் சாதாரணப் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தது. மே 10-ல் முழு ஊரடங்கு, அந்தப் பஸ்சும் நின்றது. எல்லாம் திறந்த பிறகாவது நிம்மதி என்றால், அந்த டிசம்பரிலேயே குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த வயசான அம்மாவை, நாற்றம் என்று சொல்லி பஸ்சிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்களைச் சஸ்பெண்ட் செய்தார்கள். சருவத்தோடு ஏறுகிறவருக்குப் பஸ்சில் இடம் எங்கே என்பதைத்தான் அப்போதும் யாரும் பேசி நான் கேட்கவில்லை.