காலில் முளைத்த கண்

நேயர்களுக்கு வணக்கம்.

தில்லையில் புலிக்கால் முனிவர் என்று ஒருவரைச் சொல்வார்கள். வண்டு வாய் வைப்பதற்கு முன்பே, விடியாத இருட்டில் மரமேறிப் பூப்பறிக்க வேண்டும் அவருக்கு. வழுக்காத புலிக்கால் கேட்டார். அதோடு காலில் கண்ணும் கேட்டுப் பெற்றார் என்று கதை. 1995 மார்ச்சில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வகம் ஒன்று சில படங்களை வெளியிட்டது. காலில் கண், இறக்கையில் கண், உணர்கொம்பின் நுனியில் கண். முனிவரின் படங்கள் அல்ல, ஈயின் படங்கள். வாழைப்பழம் சற்றே கனிந்துவிட்டால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, எள்ளளவில், சிவந்த கண்ணோடு, அந்தப் பழ ஈ.

அந்த ஆய்வகத்தின் தலைவர் வால்டர் கேரிங். அவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எனக்கும் இந்த ஈக்கும் பழைய உறவு உண்டு. விலங்கியல் படித்த நாட்களில் ரவையும் வெல்லமும் ஈஸ்ட்டும் அகாரும் சேர்த்துக் காய்ச்சிப் புட்டியில் ஊற்றி, பஞ்சால் வாயடைத்து ஈ வளர்ப்போம். எண்ணுவதற்கு முன் ஈதர் காட்டி மயக்க வேண்டும். ஒரு துளி கூடிவிட்டால் இறக்கைகள் இரண்டும் செங்குத்தாக எழும்பி நிற்கும். ஈ செத்துவிட்டது என்று பொருள். நான் எண்ணியவற்றில் பாதி அப்படித்தான் நின்றன.

கேரிங் 1939இல் சூரிச்சில் பிறந்தார். பறவைகளின் வலசையை ரேடாரில் பின்தொடரும் அளவுக்குப் பறவைப் பித்து உள்ளவர். ஆனால் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தது எர்ன்ஸ்ட் ஹாடோர்ன் என்ற பேராசிரியரின் ஈக்கூட்டத்தில். 1960களின் நடுவில், அங்கே வளர்ந்த ஈக்களில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். தலையில் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜோடிக் கால்கள். குறைப்பட்ட கால்கள் அல்ல, மூட்டும் நகமும் கொண்ட கால்கள். மூக்கால் நடக்கும் விலங்கைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு வேடிக்கைப் பாட்டு உண்டு. அந்த விலங்கின் பெயரைத் தழுவி இந்த ஈக்கு 'நாசோபீமியா' என்று பெயர் வைத்தார்.

ஒரு மரபணு கெட்டால் உறுப்பு குறையும், கோணும், காணாமலே போகும். இதை யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஒன்று கெட்டதற்கு இன்னொன்று முழுமையாக முளைக்குமா? முளைத்தது என்றால், 'இங்கே கால்' என்று ஆணையிடும் மரபணு ஒன்று இருக்கிறது, அது தவறான இடத்தில் வாய் திறந்துவிட்டது. கேரிங்கின் அடுத்த முப்பது ஆண்டுகளும் இந்த ஒரே கேள்வியின் பின்னால் போயின.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1972இல் சுவிட்சர்லாந்து திரும்பி, பாசலின் பயோசென்ட்ரம் என்ற ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். தலையில் கால் முளைக்கச் செய்யும் மரபணுவுக்கு ஆண்டெனாபீடியா என்று பெயர். குரோமோசோமில் அதன் இருப்பிடத்தைத் துண்டு துண்டாக நகர்ந்து கண்டுபிடிக்கவே அவரது குழுவுக்குச் சில ஆண்டுகள் ஆயின. கண்டுபிடித்தபோது எதிர்பாராத ஒன்றும் கூடவே வந்தது. அந்த மரபணுவின் ஒரு சிறு பகுதி வேறொரு மரபணுவிலும் இருந்தது. அந்த இரண்டாவது மரபணுவுக்கு ஃபுஷி தராசு என்று பெயர். ஜப்பானிய மொழியில் 'கணுக்கள் போதவில்லை' என்று அர்த்தம். ஈ ஆய்வாளர்கள் பெயர் வைப்பதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை.

இரண்டுக்கும் பொதுவான அந்தப் பகுதி 180 டிஎன்ஏ எழுத்து நீளம். அதிலிருந்து உருவாகும் புரதத் துண்டில் 60 அமினோ அமிலங்கள். அந்தத் துண்டு டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு மற்ற மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்கிறது. அந்த 180 எழுத்துப் பகுதிக்கு ஹோமியோபாக்ஸ் என்று பெயர் வந்தது. அமெரிக்காவின் இந்தியானாவிலும் ஒரு குழு தனியாக இதைக் கண்டது; இரண்டும் 1984இல் வெளிவந்தன. மற்ற விலங்குகளின் டிஎன்ஏவிலும் இது இருக்கிறதா என்று பாசலில் சோதித்தார்கள். புழு பூச்சிகளில் இருந்தால் வியப்பில்லை. தவளையிலும் இருந்தது, மனிதனிலும் இருந்தது. ஈயின் உடலைப் பகுத்துப் போடும் ஆணைகளும் நம் உடலைப் பகுத்துப் போடும் ஆணைகளும் ஒரே குடும்பம் என்று அன்றைக்குத் தெரிந்தது. கேரிங் வேறு எதையும் செய்யாமல் இருந்திருந்தாலும் இது போதும்.

கண்ணின் கதை தற்செயலாக வந்தது. கேரிங்கின் ஆய்வகத்தில் இருந்த ஆய்வாளர் ரெபெக்கா குவிரிங் கண்ணைத் தேடிப் போகவில்லை. அவர் கையில் சிக்கிய மரபணு, எலியிலும் மனிதனிலும் பேக்ஸ் 6 என்று அறியப்பட்டதை அச்சாக ஒத்திருந்தது. சில பகுதிகளில் ஒற்றுமை 90 சதவீதத்துக்கு மேல். எலியில் அது கெட்டால் கண் சிறுத்துவிடும். மனிதரில் அதன் இரு பிரதிகளில் ஒன்று கெட்டாலே, பிறக்கும் குழந்தையின் கண்ணில், கண்மணியைச் சுற்றி இருக்கும் வண்ணத் திரை இருக்காது. சரி, ஈயில் இது எந்த மரபணு என்று பார்த்தால், 1915 முதலே ஈ ஆய்வகங்கள் வளர்த்துவந்த 'கண்ணிலி' வகை ஈயில் பழுதாகியிருந்த மரபணு! எண்பது ஆண்டுகளாகப் புட்டியில் இருந்த ஈதான் விடை.

பிறகு அதே ஆய்வகத்தின் கேயோர்க் ஹால்டரும் பாட்ரிக் காலர்ட்ஸும் அந்த ஆணையை இடம் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். காலாக வேண்டிய செல்களில் அதைத் தூண்டினார்கள், கண் முளைத்தது. அந்தக் கண்ணில் ஒளி பட்டால் அதன் செல்களில் மின்மாற்றமும் தெரிந்தது.

அடுத்த சோதனைதான் எனக்கு இதைவிடப் பெரியதாகப் படுகிறது. எலியின் பேக்ஸ் 6 மரபணுவை எடுத்து ஈயின் காலில் பேச வைத்தார்கள். என்ன முளைத்தது? எலிக்கண் அல்ல. நூற்றுக்கணக்கான நுண்கண்கள் அடுக்கிய அசல் ஈக்கண். கல்யாண வீட்டுத் தலைமைச் சமையற்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கரண்டி பிடிப்பதில்லை. 'அடுப்பில் ஏற்று' என்று ஒரு குரல், அவ்வளவுதான். ஊர்விட்டு ஊர் வந்தவர் அந்தக் குரலைக் கொடுத்தாலும், காய் நறுக்குவதும் தாளிப்பதும் அந்த வீட்டு ஆட்கள், அந்த வீட்டுச் சாமான். சாப்பாட்டில் அந்த ஊர் ருசிதான் இருக்கும். 'கண்ணுக்கான மரபணு' என்று செய்தித்தாள்கள் அன்று எழுதியது பாதிதான் சரி. குரல் ஒன்று, கண்ணைக் கட்டியவை அதற்குக் கீழே வேலை செய்த எத்தனையோ மரபணுக்கள்.

அதே 1995 அக்டோபரில் ஈக்களின் வளர்ச்சி ஆய்வுக்காக நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. எட்வர்ட் லூயிஸ், கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ். பின்னிருவரும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டதே கேரிங்கின் ஆய்வகத்தில். வீஷாஸ் அவருடைய மாணவர். பட்டியலில் கேரிங்கின் பெயர் இல்லை. நோபல் பரிசை மூவருக்கு மேல் பகிர்வதில்லை என்ற விதி இருக்கிறது, தெரியும். ஆனாலும் எனக்கு அந்த விடுபடல் உறுத்தவே செய்கிறது. 2000இல் கியோட்டோ பரிசும் 2002இல் பால்சான் பரிசும் அவருக்குக் கிடைத்தன.

கேரிங் இதோடு நிற்கவில்லை. எர்ன்ஸ்ட் மையர் போன்ற பரிணாமவியல் பெரியவர்கள், விலங்குலகில் கண் குறைந்தது நாற்பது முறை தனித்தனியே தோன்றியிருக்கும் என்று 1977இல் கணக்குச் சொல்லியிருந்தார்கள். கேரிங் அதை மறுத்தார். ஈக்கும் எலிக்கும் கணவாய் மீனுக்கும் ஒரே ஆணை என்றால், எல்லாக் கண்ணுக்கும் மூதாதை ஒன்றே என்றார். அந்த ஆதிக்கண் எப்படி இருந்திருக்கும்? டார்வின் ஊகித்ததுபோல, ஒளியை உணரும் ஒரு செல், அதற்கு நிழல் தரும் ஒரு நிறமிச் செல். இதற்குப் பக்கத்தில் வரும் எளிய கண்ணுக்கு அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது நன்னீரில் வாழும் பிளனேரியா என்ற தட்டைப்புழு.

இந்த இடத்தில் நான் அவரோடு முழுதாக உடன்படவில்லை. பேக்ஸ் 6 கண்ணுக்கு மட்டும் சொந்தமில்லை. இரு பிரதிகளும் இல்லாத எலிக்குட்டிக்குக் கண்ணோடு மூக்கும் இருக்காது, பிறந்ததும் இறந்துவிடும். பழைய கருவி ஒன்றைப் பரிணாமம் பல வேலைக்கு எடுத்தாண்டிருக்கலாம். நாற்பது கண்களும் தனித்தனியே கட்டப்பட்டு, அந்தக் கருவி மட்டும் பொதுவாக இருந்திருக்கலாம். பிளனேரியாவின் விஷயம் இன்னும் சங்கடமானது. அதன் தலையை வெட்டினால் புதுத் தலை வளரும், கண்ணோடு. 2002இல் ஆய்வாளர்கள் அதன் பேக்ஸ் 6 மரபணுக்களை அடக்கிவிட்டுத் தலையை வெட்டிப் பார்த்தார்கள்.

கண்கள் வழக்கம்போல முளைத்தன.

கேரிங் தன் கருத்தைக் கடைசிவரை விடவில்லை. 2014 மே மாதம், கிரேக்க நாட்டில் நடந்த சாலை விபத்தில், 75ஆம் வயதில் இறந்தார். வணக்கம்.