இதோ ஒரு கை

அனைவருக்கும் வணக்கம். பேச்சைத் தொடங்குமுன் உங்கள் வலது கையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். பின்வரிசையில் இருப்பவர்களும்தான். சரி, இறக்கிக்கொள்ளலாம்.

1939 நவம்பரில் லண்டனில், பிரிட்டிஷ் அகாடமியின் சொற்பொழிவு ஒன்றில் ஜி. ஈ. மூர் இதைத்தான் செய்தார். கேம்பிரிட்ஜில் தத்துவம் கற்பித்த பேராசிரியர். வலது கையை அசைத்து, 'இதோ ஒரு கை' என்றார். இடது கையை அசைத்து, 'இதோ இன்னொன்று' என்றார். ஆகவே நமக்கு வெளியே பொருள்கள் இருக்கின்றன, நிரூபித்தாயிற்று என்றார். உலகப் போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இது என்ன நிரூபணம் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர் பதில் சொன்ன கேள்வி பெரியது. நமக்கு வெளியே பொருள்கள் உண்டு என்பதை வெறும் நம்பிக்கையில்தான் ஏற்க வேண்டியிருக்கிறது, இது தத்துவத்துக்கே அவமானம் என்று 1787-இல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட் எழுதியிருந்தார். கான்ட்டுக்கும் முன்னால், 1641-இல், பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த். கணப்புக்குப் பக்கத்தில் குளிர்கால அங்கியோடு உட்கார்ந்திருக்கிறேன், கையில் காகிதம் இருக்கிறது, இதையெல்லாம் எப்படிச் சந்தேகிப்பது என்று கேட்டார். அப்புறம் அவரே சொன்னார்: படுக்கையில் தூங்கும்போதும் எத்தனையோ முறை, கணப்புக்குப் பக்கத்தில் இப்படி உட்கார்ந்திருப்பதாகக் கனவு கண்டிருக்கிறேனே!

இந்தக் கேள்வி இந்தியாவில் இன்னும் பழையது. பௌத்த அறிஞர் வசுபந்து தமது விம்சதிகை என்ற நூலில், கண்நோய் உள்ளவனுக்கு இல்லாத முடியிழைகள் தெரிவதைப்போலத்தான் பொருள்கள் நமக்குத் தெரிகின்றன, உள்ளது அறிவு மட்டுமே என்றார். பொருளே இல்லையென்றால் அது ஓரிடத்தில் தெரிந்து வேறிடத்தில் தெரியாமல் இருப்பது ஏன்? இந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. கனவில் வரும் தோட்டமும் குறிப்பிட்ட ஓர் இடத்தில்தானே தெரிகிறது?

நாம் 'எல்லாம் மாயை' என்று சொல்லும்போது சங்கரரைச் சாட்சிக்கு அழைப்போம். ஆனால் வெளிப்பொருளே இல்லை என்ற கட்சியைப் பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் அவர் கடுமையாக மறுத்திருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டே, அதன் திருப்தியையும் உணர்ந்துகொண்டே ஒருவன், 'நான் சாப்பிடவும் இல்லை, திருப்தி அடையவும் இல்லை' என்றால் யார் கேட்பார்கள் என்கிறார். உள்ளே இருப்பதே வெளியே இருப்பது 'போல' தோன்றுகிறது என்றார்கள் எதிர்க்கட்சியினர். அந்தப் 'போல' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டார் சங்கரர். விஷ்ணுமித்திரன் மலடி மகனைப் போல இருக்கிறான் என்று யாராவது சொல்வார்களா? வெளி என்று ஒன்று அறவே இல்லையென்றால், 'வெளியே இருப்பது போல' என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது? கனவில் கண்டது விழித்ததும் பொய்யாகிறது, விழிப்பில் கண்ட தூண் அப்படிப் பொய்யாவதில்லை என்றும் சொல்கிறார். பிரம்ம ஞானம் வந்தபின் உலகம் என்னவாகிறது என்பது அவருக்கு வேறு கணக்கு. அதை இதோடு கலக்கக் கூடாது.

மூரிடம் திரும்புகிறேன். அவருடைய குறையைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கை இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று சந்தேகக்காரன் அடுத்த கேள்வியைப் போட்டால் போதும். இந்த இடத்தில் எனக்குக் கை கொடுப்பவர் தத்துவவாதி விட்கன்ஸ்டைன். 'எனக்குத் தெரியும்' என்று மூர் சொன்னதுதான் தப்பு என்று அவர் நினைத்தார். கதவு திரும்ப வேண்டுமானால் கீல் அசையாமல் நிற்க வேண்டும். சில விஷயங்கள் அந்தக் கீல் மாதிரி. நம் கேள்விகளும் சந்தேகங்களும் அவற்றின் மேல்தான் திரும்புகின்றன.

இதை நான் புத்தகத்தில் படித்தது முன்னால், கண்ணால் பார்த்தது பின்னால். அப்பாவுக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் இரவு, சுவர் முழுக்க எறும்பு ஊர்வதாகச் சொன்னார். நான் சுவரைத் தடவிக் காட்டி, 'இல்லைப்பா, பாருங்க, ஒண்ணுமே இல்லை' என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இது ஆஸ்பத்திரி இல்லை, நீ என் மகனும் இல்லை என்றார். எறும்பு ஏறிவிடும் என்று நல்ல காலைக் கட்டிலின் மேலே இழுத்துக்கொண்டார். விடிய விடிய வாதாடினேன். ஒரு வாதம்கூட எடுபடவில்லை.

காலையில் வந்த நர்ஸ் வாதமே செய்யவில்லை. கழற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அவருக்கு மாட்டிவிட்டார். காது மிஷினை வைத்துவிட்டார். ஜன்னல் திரையை விலக்கி, 'இன்னிக்கு வியாழக்கிழமை, ஐயா. மணி ஏழரை' என்று சொல்லி அவர் கையைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படிக் குழப்பம் வருவதுண்டு, பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றார். அப்பாவுக்கு முழுதாகத் தெளிய மூன்று நாள் ஆயிற்று.

பின்னாளில் ஒன்று உறைத்தது. அன்று இரவு அவர் சுவரை நம்பவில்லை, ஆஸ்பத்திரியை நம்பவில்லை, பெற்ற பிள்ளையையே நம்பவில்லை. ஆனால் காலை இழுத்துக்கொண்டது கட்டிலின் மேல். கட்டில் தாங்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. என்னிடம் எறும்பைப் பற்றிப் பேசிய தமிழையும் அவர் சந்தேகிக்கவில்லை. அவருடைய கீல் அங்கே இருந்தது.

இதனால் கேள்வி தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. விட்கன்ஸ்டைனும் அப்படிச் சொல்லவில்லை. புற்றுநோயோடு கேம்பிரிட்ஜில் தம் மருத்துவர் வீட்டில் தங்கி, கீல் பற்றிச் சொன்ன இந்தக் குறிப்புகளை எழுதிக்கொண்டே இருந்தார். கடைசிக் குறிப்பின் தேதி 1951 ஏப்ரல் 27. இரண்டு நாளில் இறந்துபோனார். அந்தக் குறிப்பில் ஒருவன் தூங்குகிறான். கனவில் 'மழை பெய்கிறது' என்கிறான். வெளியே உண்மையிலேயே மழை பெய்துகொண்டிருக்கிறது. அந்த மழைச் சத்தம்தான் அவன் கனவுக்குள் நுழைந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அவன் சொன்னது சரி என்று ஆகிவிடாது என்கிறார். நோட்டு அதோடு நிற்கிறது.