படம் அழகு, பிரஷர் பொய்: கியர் பம்பில் ஓவர்செட் மெஷ் | ரங்கூன் பட்டறை வ்லாக்

வணக்கம். கரண்ட் போய்விட்டது, அதனால் இன்றைக்கு என் முகம் இருட்டாகத்தான் தெரியும். ரங்கூனின் தாம்வே பகுதியில் எங்கள் தெருவுக்கு நாலு மணி நேரம் கரண்ட் இருந்தால் நாலு மணி நேரம் இருக்காது. லேப்டாப் ஓடாத நேரத்தில்தான் எனக்கு வீடியோ எடுக்க நேரம் கிடைக்கிறது.

போன வீடியோவில் மாமா பட்டறையில் பிரித்துப் போட்டிருந்த கியர் பம்பைக் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? கடலை எண்ணெய் ஆலையிலிருந்து வந்தது. "அக்கா, இதை சிஎஃப்டியில் ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேட்டிருந்தீர்கள். சிஎஃப்டி என்றால் எண்ணெயோ காற்றோ ஓடுவதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது. ஓட்டினேன். மூன்று வாரம் ஆயிற்று. அதில் இரண்டு வாரம் நான் நம்பிக்கொண்டிருந்தது தப்பு.

இதோ, இதுதான் கியர். கிட்டே காட்டுகிறேன். 12 பல், பல்லின் அளவைச் சொல்லும் மாட்யூல் 4, வெளிவிட்டம் 56 மில்லிமீட்டர், அகலம் 40. மோட்டார் நிமிடத்துக்கு 960 சுற்று. இதே மாதிரி இரண்டு கியர், பல்லோடு பல் கோத்துக்கொண்டு எதிரெதிராகச் சுற்றும். எண்ணெய் நடுவே புகுந்து போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பல் இடுக்கில் உட்கார்ந்துகொண்டு, பாடியின், அதாவது வெளிக்கூட்டின், சுவரை ஒட்டி, வெளிப்பக்கமாகச் சுற்றித்தான் அந்தப் பக்கம் போகிறது. நடுவில் பல் கோத்துக்கொள்ளும் இடம் எண்ணெய் திரும்பி வராமல் அடைக்கிற கதவு.

கணக்குப் போட எண்ணெய் இருக்கும் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல், மொத்த வலையும் மெஷ். ஒரே சக்கரம் சுற்றுகிற சென்ட்ரிஃபியூகல் பம்பாக இருந்தால் வேலை சுலபம். இம்பெல்லரை, அதாவது அந்தச் சக்கரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம், வட்டத்துக்குள் இருக்கும் மெஷ் சுற்றும், வெளியே இருப்பது சும்மா நிற்கும். ஸ்லைடிங் மெஷ் என்பது அவ்வளவுதான். அதற்குப் போய் மெஷ்ஷின் மேல் மெஷ் அடுக்குகிற ஓவர்செட்டைப் போடுகிறவர்களுக்குப் பொழுது போகவில்லை என்று அர்த்தம். கியர் பம்பில் அந்த வட்டம் போட இடமே இல்லை. ஒரு கியரின் பல் அடுத்த கியரின் வட்டத்துக்குள் போய் நுழைகிறது. ஒரே மெஷ்ஷை இழுத்து வளைத்துச் சமாளிக்கலாம் என்றால், சில டிகிரி சுற்றுவதற்குள் செல்களெல்லாம் கசங்கிப்போய், புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

ஓவர்செட்டில் பாடிக்கு ஒரு மெஷ், ஒவ்வொரு கியருக்கும் அதன் உடம்போடு ஒட்டிய ஒரு மெஷ். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும். கியர் சுற்றும்போது அதன் மெஷ் அப்படியே கூடச் சுற்றும், ஒரு செல்கூடக் கசங்காது. 1983இல் ஸ்டீகர், டோஹர்ட்டி, பெனெக் என்ற மூன்று பேர் இதை எழுதியபோது கைமீரா என்று பேர் வைத்தார்கள். சிங்கத் தலை, ஆட்டு உடம்பு, பாம்பு வால் உள்ள கிரேக்க மிருகம். நம்மூர்க் கோயில் தூணில் நிற்கிற யாளிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நாசாவில் விண்வெளி ஓடம், அதன் பெரிய டேங்க், பக்கத்து ராக்கெட்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டது இந்த முறையில்தான்.

சரி, மூன்று மெஷ் ஒன்றன் மேல் ஒன்று கிடந்தால் எதை நம்புவது? நான் ஓட்டுகிற ஓப்பன்ஃபோம் என்ற சாஃப்ட்வேரில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு எண் போடுவார்கள். 0 என்றால் அது தானே கணக்குப் போடும். 2 என்றால் ஓட்டை, அதாவது கியரின் இரும்புக்குள் மாட்டிக்கொண்ட செல், அதற்கு வேலை இல்லை. 1 தான் முக்கியம். அது ஓரத்தில் இருக்கும் செல், தனக்கென்று கணக்கு இல்லை, கீழே இருக்கும் மெஷ்ஷிடம் வேகத்தையும் அழுத்தத்தையும் இரவல் வாங்கும். கொடுக்க ஆள் இல்லாமல் போனால் அது அநாதைச் செல்.

தகரக் கூரை போடுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். தகரத்தின் மேல் தகரம் ஒரு நெளி ஏறினால் போதாது, மழைக்காலத்தில் ஒழுகும். இரண்டு நெளியாவது ஏற வேண்டும் என்பார். அவர் அங்குலத்தில் சொல்ல மாட்டார், நெளிக் கணக்கில்தான் சொல்வார். இதுவும் அப்படித்தான். மில்லிமீட்டர் முக்கியம் இல்லை, எத்தனை செல் ஏறியிருக்கிறது என்பதுதான் கணக்கு. நாலைந்து செல் வேண்டும். மேல் தகரத்து நெளியும் கீழ்த் தகரத்து நெளியும் ஒரே அளவாக இருந்தால்தான் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். செல்லும் அதே மாதிரி.

இந்தப் பம்பில் பல் நுனிக்கும் பாடிச் சுவருக்கும் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்தேன். அதில் ஐந்து செல் என்றால் ஒரு செல் 0.02. பல் நுனியின் வேகம் வினாடிக்கு 2.8 மீட்டர். டைம் ஸ்டெப் என்பது கணக்கு ஒரு தடவையில் தாண்டுகிற நேரத் துண்டு. ஒரு டைம் ஸ்டெப்பில் ஒரு செல்லுக்கு மேல் நகரக் கூடாது என்றால் ஒரு ஸ்டெப் 7 மைக்ரோ வினாடிக்குள் இருக்க வேண்டும். ஒரே ஒரு சுற்றுக்குச் சுமார் 8,800 ஸ்டெப். என் லேப்டாப்புக்கு ஒரு ஸ்டெப் 4 வினாடி. ஏறக்குறைய 10 மணி நேரம். கரண்ட் நாலு மணி நேரம்! அதனால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை சேமிக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். முப்பரிமாணம் பக்கமே போகவில்லை, நடுவில் வெட்டிய ஒரு துண்டு மட்டும்தான்.

முதல் ஓட்டத்தில் வேகப் படம் கண்ணைப் பறித்தது. பிரஷர் வரைபடம் மட்டும் நாற்றங்கால் மாதிரி ஒரே முள்ளு முள்ளாக நின்றது. பட்டறைக்கு ஓடிப் போய், "மாமா, பம்ப் உள்ளே தட்டுது, பல்லு அடிபடுது" என்றேன். மாமா பம்பை ஓட்டிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியைப் பாடியில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். "எங்கம்மா தட்டுது? உன் கம்ப்யூட்டர்லதான் தட்டுது."

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். நிஜமான துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்குப் பல் எண்ணிக்கையை ஒட்டி, 12 தடவை வர வேண்டும். இது நூற்றுக்கணக்கில் வருகிறது. டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கினால் அடங்கும் என்று நினைத்தேன். முள் இன்னும் உயரமாயிற்று. அங்கேதான் பிடிபட்டது. இரவல் வாங்கும்போது வேகத்தைச் சராசரி போட்டு வாங்குகிறோம், எண்ணெயின் அளவு துளி பிசகாமல் கை மாறுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. உள்ளே போனது 100 என்றால் வெளியே 103 வந்திருந்தது. எண்ணெய் அமுங்கவே அமுங்காது என்று நான் கம்ப்யூட்டரிடம் சொல்லி வைத்திருந்தேன். அப்போது ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் பம்ப் முழுக்க அந்த நொடியே அழுத்தம் எகிறியாக வேண்டும். அதே துளியைப் பாதி நேரத்தில் தள்ளச் சொன்னால் இன்னும் அதிகமாக எகிறும். திறந்த வெளியில் ஓடுகிற காற்று என்றால் இந்தத் துளி எங்கேயோ கலைந்து போயிருக்கும். இது மூடிய பெட்டி, போக வழி இல்லை.

செய்தது இரண்டு. பல் கோக்கும் இடத்தில் இரண்டு கியர் மெஷ்ஷின் செல் அளவையும் ஒன்றாக்கினேன். அநாதைச் செல்கள் இருந்ததெல்லாம் அங்கேதான். அப்புறம் எண்ணெயைக் கொஞ்சம் அமுங்க விட்டேன். நிஜத்தில் அமுங்கத்தானே செய்கிறது? அமுங்காமல் எதிர்க்கிற பலத்தைச் சொல்லும் பல்க் மாடுலஸ் நீருக்கு 2.2 கிகா பாஸ்கல், எண்ணெயுடையது அதைவிடக் கொஞ்சம் குறைவு. முள் படுத்துவிட்டது. 12 துடிப்பும் தனித்தனியாக எழுந்து நின்றன.

மாமா இதற்கெல்லாம் மசியவில்லை. 20 லிட்டர் டின்னை வைத்து, போனில் ஸ்டாப் வாட்ச்சைத் தட்டினார். 32 வினாடியில் நிரம்பிற்று. என் கணக்கு 27. பக்கத்துத் தட்டுகள் வழியாக ஒழுகுவது என் வெட்டுத் துண்டில் கிடையாது, அது ஒரு காரணம். மாமா இன்னொன்று சொன்னார்: "பாடியைத் தடவிப் பாரு." தடவினேன். உறிஞ்சுகிற பக்கத்துச் சுவரில் விரலுக்குப் பள்ளம் தட்டுப்படுகிறது. வெளியேறும் பக்கத்து அழுத்தம் கியர்களை அந்தப் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருக்கும், வருடக்கணக்கில் தேய்ந்திருக்கிறது. கியரை அப்படித் தள்ளிப் பிடித்து, எதிர்ப்பக்கம் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை விட்டால் 0.1 இல்லை, 0.15.

ஓவர்செட் எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். கியரை 0.05 தள்ளி வைக்க மெஷ் புதிதாகப் போட வேண்டாம், ஒரு வரி மாற்றினால் போதும். ஆனால் தேய்ந்த பள்ளத்தை நான் இன்னும் வரையவில்லை. அதனால் அந்தப் பக்கம் இடைவெளி 0.05க்கு ஒடுங்கி, இரண்டரை செல்தான் மிச்சம், அநாதைகள் திரும்ப வந்துவிட்டார்கள். பாடியில் அந்த ஓரத்துக்கு மட்டும் பள்ளத்தோடு மெஷ் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கரண்ட் போனது.

ம்ம்? கேட்கிறதா? தெருவே "மீ லா பீ" என்று கத்துகிறது. கரண்ட் வந்துவிட்டது. நான் போய் லேப்டாப்பைத் தட்டுகிறேன்.